கோடு போடும் கருவிக்கு எண் தெரிய வேண்டியதில்லை

திருமங்கலம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது ஒரு வைஸ், ஒரு பெஞ்ச் ட்ரில், ஆங்கிள் கிரைண்டர், ஒரு வெர்னியர் காலிப்பர். 10 மி.மீ. பிளேட்டில் நான்கு ஓட்டை போட்டால் மேல் பிளேட்டும் கீழ் பிளேட்டும் பொருந்துவதில்லை. அரை மில்லி, சில சமயம் முக்கால் மில்லி ஓடிவிடுகிறது. உயரத்தை அளந்து கோடு போடும் வெர்னியர் ஹைட் கேஜ் வாங்க இப்போது கையில் காசில்லை. லேத் இல்லாமல் கையாலேயே ஒரு சர்ஃபேஸ் கேஜ், அதாவது வைத்த உயரத்தில் கோடு போடும் கருவி, செய்ய முடியுமா, செய்தால் அதை நம்பலாமா என்பதுதான் கேள்வி.

செய்யலாம் தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அதற்கப்புறம் இரண்டு சாயங்காலமும் போதும். நான் இதுவரை மூன்று செய்திருக்கிறேன். முதலில் செய்தது இப்போது பில் புத்தகம் பறக்காமல் இருக்க மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறது. மற்ற இரண்டும் வேலை செய்கின்றன. அதில் ஒன்றின் தூண் கண்ணுக்குத் தெரிகிற அளவு சாய்ந்திருக்கும். பட்டறைக்கு வருகிற பையன்கள் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் கோடு சுத்தமாக விழும். ஏன் என்று பிறகு வருகிறேன்.

கருவியில் கை வைக்கும் முன் ஒன்று. அந்த அரை மில்லி மார்க்கிங்கில்தான் போகிறதா என்று பார்த்தீர்களா? ஒரு பிளேட்டை எடுத்துக் கோடு போட்டதும் விளிம்பிலிருந்து கோடு வரை வெர்னியரில் பாருங்கள். பஞ்ச் அடித்ததும் மறுபடி பாருங்கள். ஓட்டை போட்டதும் விளிம்பிலிருந்து ஓட்டையின் ஓரம் வரை அளந்து, ஓட்டையின் பாதி விட்டத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரு தாளில் எழுதினால் திருடன் யார் என்று தெரிந்துவிடும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், கடைசியில் வேண்டும்.

என்னிடம் இந்தப் புகாரோடு வந்தவர்களில் பாதிப் பேருக்குக் குற்றவாளி ட்ரில் பிட்தான். 10 மி.மீ. பிட்டின் நுனி உண்மையில் நுனியே கிடையாது. நடுவில் ஒன்றரை மில்லி நீளத்துக்கு ஒரு மொட்டை விளிம்பு இருக்கிறது. அது வெட்டாது, தேய்த்துக்கொண்டே இடம் தேடும். பஞ்ச் குழி அதைவிடச் சின்னதாக இருந்தால் பிட் தன் இஷ்டத்துக்குப் போகும். அதனால் முதலில் 60 டிகிரி முனையுள்ள டாட் பஞ்சால் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பிடியுங்கள். அப்புறம் 90 டிகிரி சென்டர் பஞ்சால் அதே குழியை அகலப்படுத்துங்கள். பிறகு 3 மி.மீ. பிட்டில் வழி போட்டுவிட்டு 10-க்குப் போங்கள். பழைய கான்கிரீட் ஆணியைத் தேய்த்துச் செய்த ஒரே பஞ்சை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டு சர்ஃபேஸ் கேஜ் செய்தால், அழகான கோட்டுக்குப் பக்கத்தில் ஓட்டை விழும்.

சரி, அதையெல்லாம் பார்த்த பிறகும் கோடுதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

சர்ஃபேஸ் கேஜ் அளக்கும் கருவி இல்லை. இதை முதலில் மனதில் போட்டுக்கொண்டால் செய்யும்போது பாதிக் கவலை குறையும். அதில் ஸ்கேல் கிடையாது, எண் கிடையாது. கனமான அடி, அதன்மேல் ஒரு தூண், தூணில் ஏறி இறங்கும் ஒரு பிடி, பிடியில் ஒரு ஸ்க்ரைபர் (கோடு கீறும் ஊசி), அவ்வளவுதான். வீடு கட்டும்போது கொத்தனார் தண்ணீர் டியூபைப் பிடித்து இந்தச் சுவரின் மட்டத்தை அந்தச் சுவருக்குக் கொண்டுபோகிறார் இல்லையா? எத்தனை அடி உயரம் என்று டியூபுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஓர் உயரத்தைக் கொடுத்தால் அதை மறக்காமல் வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சர்ஃபேஸ் கேஜின் வேலையும் அதேதான். ஆகவே நீங்கள் நேரம் போட வேண்டியது மூன்று இடத்தில்: அது ஊர்ந்து போகிற தளம், அசையாத பிடி, முனை. மற்றதெல்லாம் பார்வைக்கு.

தளத்திலிருந்து ஆரம்பிக்கலாம். வார்ப்பிரும்பு சர்ஃபேஸ் பிளேட் வாங்கச் சொல்லப் போவதில்லை. கண்ணாடிக் கடையில் 12 மி.மீ. கனமுள்ள சாதாரணக் கண்ணாடியில் ஒரு அடிக்கு ஒன்றரை அடி துண்டு கேளுங்கள். இப்போது கிடைக்கும் சாதாரணத் தட்டைக் கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்தது. மிதந்தது என்பதால் நம் வேலைக்குத் தேவையான அளவுக்கு மட்டமாகவே இருக்கும். கதவுக்குப் போடும் டஃபன் கண்ணாடி மட்டும் வேண்டாம். அதைச் சூடாக்கி உருளைகள்மேல் ஓட்டுவதால் லேசான அலை விழுந்துவிடும். பழைய டைனிங் டேபிள் கண்ணாடி கிடைத்தால் டஃபனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருக்கும் ட்யூப் லைட்டின் பிரதிபலிப்பைச் சாய்வாகப் பார்த்தால் நெளிவது தெரியும். விளிம்புகளைத் தேய்த்து வாங்குங்கள், கை கிழிக்கும். அடியில் மூன்று ரப்பர் துண்டுகள்மேல் வையுங்கள். நான்கு வேண்டாம். நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது.

மதுரைக்காரர்கள் உடனே கேட்பது, கிரானைட் போடக்கூடாதா என்று. காஷ்மீர் ஒயிட் என்று பேர் வைத்து விற்கும் கல்லையே மேலூர் பக்கம்தான் தோண்டினார்கள், நமக்குக் கல்லுக்கா பஞ்சம்? போடலாம். ஆனால் பாலிஷ் வேறு, மட்டம் வேறு. சமையலறை மேடைக்குத் தீட்டிய பலகை முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும். அதன்மேல் ஒரு நல்ல ஸ்டீல் ரூலரை நிமிர்த்தி வைத்துப் பின்னால் செல்போன் டார்ச் அடித்தால் நடுவில் வெளிச்சம் எட்டிப் பார்க்கும். காஷ்மீர் ஒயிட்டில் அங்கங்கே சிவப்புப் புள்ளியாக கார்னெட் மணிகள் வேறு இருக்கும். கறுப்புக் கல்லில் துண்டு கிடைத்து, டார்ச் சோதனையிலும் தேறினால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியே போதும்.

இப்போது அடி. இரும்புக் கடையில் ஒரு இஞ்சு கனம், இரண்டு இஞ்சு அகலப் பட்டையில் மூன்று இஞ்சு வெட்டித் தரச் சொல்லுங்கள். பழைய கடைக்காரர்கள் இன்னும் நூல் கணக்கில்தான் பேசுவார்கள். எட்டு நூல் ஒரு இஞ்சு, ஒரு நூல் 3.175 மி.மீ. கணக்குப் போட்டால் கட்டை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். கைக்கு இதமான எடை அது. இதைவிட லேசாக இருந்தால் கோடு இழுக்கும்போது அடி துள்ளும்.

அடிப்பக்கம் முழுவதையும் கண்ணாடி மாதிரி மட்டமாக்க வேண்டும் என்று நினைத்து அரத்தோடு மூன்று நாள் மல்லுக்கட்டியவன் நான். அந்த மூன்று நாளில் எனக்குக் கிடைத்தது நடுவில் உப்பிய ஒரு கட்டையும் ஒரு தோள்வலியும். கையால் அரம் போட்டால் இரண்டு முனையும் அதிகம் தேய்ந்து நடு உயர்ந்து நிற்கும், எவ்வளவு கவனித்தாலும். அப்புறம்தான் முக்காலி ஞாபகம் வந்தது. மட்டமான கண்ணாடிமேல் மூன்று கால் எப்போதும் உட்காரும். ஆகவே அடிக்கட்டை மட்டமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, மூன்று கால் இருந்தால் போதும். ஸ்க்ரைபர் நீளுகிற முன்பக்க மூலைகளில் இரண்டு, பின்பக்கம் நடுவில் ஒன்று, ஒவ்வொன்றும் 12 மி.மீ. சதுரம். மார்க்கர் பேனாவால் அந்தச் சதுரங்களை வரைந்துகொண்டு, மற்ற இடத்தையெல்லாம் கிரைண்டரால் ஒரு மில்லி ஆழம் எடுத்துவிடுங்கள். அசிங்கமாக இருக்கும். பரவாயில்லை, யாரும் அடியைப் பார்ப்பதில்லை.

அப்புறம் கண்ணாடிமேல் பெயிண்டர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பரை வைத்து, தண்ணீர் தெளித்து, கட்டையைத் தேயுங்கள். 120 நம்பர் பேப்பரில் ஆரம்பித்து 220, கடைசியாக 400. மூன்று கால்களிலும் மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டுக்கொண்டால் எங்கே தேய்கிறது என்று தெரியும். கட்டையைக் கீழே, கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துத் தள்ளுங்கள். கட்டையின் மேல் விளிம்பைப் பிடித்துத் தள்ளினால் முன்கால்கள் மட்டும் கரையும். பத்து இழுப்புக்கு ஒருமுறை கட்டையைத் திருப்பி வையுங்கள். மூன்று கால்களிலும் மார்க்கர் மை முழுசாகப் போனதும் நிறுத்திவிடுங்கள். கால்களின் ஓரங்களை மட்டும் லேசாக மழுக்கிவிடுங்கள். கூரான ஓரம் கண்ணாடியில் கிடக்கிற இரும்புப் பொடியை அள்ளி அடியில் போட்டுக்கொள்ளும்.

தூண் 10 மி.மீ. பிரைட் ராடு (பளபளப்பான உருண்டைக் கம்பி), நீளம் 200 மி.மீ. ஒரு முனையில் எம்10 டை (கம்பிமேல் மரை வெட்டும் கருவி) போட்டு 25 மி.மீ. மரை வெட்டுங்கள். அடிக்கட்டையில், மூன்று காலுக்கும் நடுவே விழுகிற மாதிரி 8.5 மி.மீ. ஓட்டை போட்டு எம்10 டேப் (ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி) இறக்குங்கள். ராடைத் திருகி மேலே ஒரு நட்டால் பூட்டிவிடுங்கள். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிடைத்தால் அதன் உள்ளே ஹெட் ஓடுகிற ராடு அருமையாக இருக்கும், ஆனால் மரை வெட்டக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும்.

கையால் டை போட்டால் மரை கோணலாகத்தான் விழும். தூண் சாயும். சாயட்டும். யோசித்துப் பாருங்கள்: அடி கண்ணாடிமேல் ஊர்கிறது, தூண் எந்தக் கோணத்தில் நின்றாலும் அந்தக் கோணம் மாறப்போவதில்லை, ஸ்க்ரைபர் முனையும் கண்ணாடியிலிருந்து அதே உயரத்தில்தான் ஊரும். மூலைமட்டம் வைத்துத் தூணை நிமிர்த்துவதில் செலவழிக்கிற மணிநேரம் அத்தனையும் வீண். தூண் வளையாமல் இருப்பதுதான் முக்கியம். 8 மி.மீ. ராடைவிட 10 மி.மீ. ராடு ஏறக்குறைய இரண்டரை மடங்கு விறைப்பு. நீளத்தை இரட்டிப்பாக்கினால் வளைவது எட்டு மடங்கு ஆகும். எப்போதாவது வேண்டுமே என்று ஒன்றரை அடிக்குத் தூண் வைக்காதீர்கள்.

பிடிதான் இந்தக் கருவியின் உயிர். 20 மி.மீ. சதுர ராடில் 35 மி.மீ. துண்டு ஒன்று. ஒரு முனையிலிருந்து 12 மி.மீ. தள்ளி, தூண் நுழைய 10 மி.மீ. ஓட்டை. மறுமுனையிலிருந்து 8 மி.மீ. தள்ளி, அந்த ஓட்டைக்குக் குறுக்கான திசையில், போல்ட்டுக்கு 8 மி.மீ. ஓட்டை. இரண்டும் போட்ட பிறகுதான் ஆக்ஸா பிளேடால் பிளக்க வேண்டும். போல்ட் ஓட்டை இருக்கிற முனையிலிருந்து தூண் ஓட்டை வரை ஒரே பிளவு, அது போல்ட் ஓட்டையை நடுவே வெட்டிக்கொண்டு போகும். முதலிலேயே பிளந்துவிட்டு அப்புறம் ட்ரில் போட்டால் பிட் பிளவுக்குள் இறங்கி ஓடும்.

இதில் எம்8 போல்ட் ஒன்று குறுக்கே போகும். போல்ட்டின் தலைக்குக் கீழே, மரை இல்லாத பகுதியில், 3.2 மி.மீ. குறுக்கு ஓட்டை ஒன்று போடுங்கள். உருண்டையில் பிட் நிற்காது; அரத்தால் சின்னத் தட்டை ஒன்று தேய்த்து, பஞ்ச் அடித்துவிட்டுப் போடுங்கள். ஸ்க்ரைபர் அந்த ஓட்டையில் நுழையும். அதற்கும் சதுரத் துண்டுக்கும் நடுவில் ஒரு கனமான வாசர், அதன் முகத்தில் ஸ்க்ரைபர் படிகிற மாதிரி அரத்தால் ஒரு வாய்க்கால். மறுபக்கம் விங் நட். இறுக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நட் போல்ட்டை இழுக்கிறது. போல்ட் ஸ்க்ரைபரை வாசரோடு அழுத்துகிறது. வாசர் சதுரத் துண்டை அழுத்த, பிளவு மூடித் தூணைக் கவ்வுகிறது. ஒரே நட், இரண்டு பூட்டு. தளர்த்தினால் பிடி தூணில் ஏறும் இறங்கும், போல்ட்டைச் சுழற்றினால் ஸ்க்ரைபர் மேலும் கீழும் சாயும்.

அந்த வாசர் வாய்க்காலை விட்டுவிடலாமே என்று தோன்றும். நானும் விட்டேன். புதூர் ஐடிஐ முடித்துவிட்டு, தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஷாப்பில் வேலை பார்த்த முதல் வருடம். பம்ப் செட்டுக்கு அடி பிளேட் 24. எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் கோடு. நான் செய்த முதல் கேஜைப் பெருமையாகக் கொண்டுபோயிருந்தேன். ஒன்பதாவது பிளேட்டா பத்தாவதா தெரியவில்லை, ஸ்க்ரைபர் வாசர்மேல் ஒரு முடி அளவு வழுக்கியிருக்கிறது. அடுத்தடுத்த கோட்டுக்கு இன்னும் கொஞ்சம். கருவிக்குத்தான் எண் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. ஓட்டை போட்டு அடுக்கிய பிறகு மேஸ்திரி எல்லா பிளேட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓட்டை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். மேலே வட்டம், கீழே போகப் போக பிறை. ஒன்றும் சொல்லவில்லை. பிளேட்டுகளை என் பெஞ்சுக்கே தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அதிலிருந்து சாட்சிக் கோடு இல்லாமல் நான் வேலை ஆரம்பிப்பதில்லை. உயரம் வைத்ததும் முதல் கோட்டை ஒரு துண்டுக் கட்டையில் இழுத்து ஓரமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து ஜாபுக்கு ஒருமுறை ஸ்க்ரைபரை அந்தக் கட்டைக்குக் கொண்டுபோனால் முனை பழைய கோட்டுக்குள் விழுகிறதா என்று விரலே சொல்லிவிடும். விழாவிட்டால் கடைசி ஐந்து மட்டும்தான் போச்சு.

கடையில் வாங்கும் யுனிவர்சல் சர்ஃபேஸ் கேஜில் நுண்ணிய நகர்வுக்கு ஒரு திருகும் ஆடும் புயமும் இருக்கும். அதைக் கையால் செய்யலாம், ஆனால் முதல் கருவியில் வேண்டாம். ஒவ்வொரு மூட்டும் ஒரு ஆட்டம். நட்டை முக்கால்வாசி இறுக்கிவிட்டு, ஸ்க்ரைபரின் வாலை சின்னச் சுத்தியலின் கைப்பிடியால் தட்டினாலே முனை முடி முடியாக நகரும். பிறகு முழுசாக இறுக்குங்கள். இறுக்கிய பிறகு கட்டாயம் இன்னொரு முறை சரிபாருங்கள், இறுக்கும்போதே முனை கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

ஸ்க்ரைபருக்கு 3 மி.மீ. சில்வர் ஸ்டீல் ராடு (பதம் ஏறும் எஃகு, பேரில்தான் வெள்ளி). கிடைக்காவிட்டால் உடைந்த ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) ட்ரில் பிட், அது கிரைண்டர் சூட்டுக்கு அசையாது, தேய்த்து முனை எடுத்தால் முடிந்தது. சைக்கிள் ஸ்போக்கும் குடைக்கம்பியும் வேண்டாம், பதம் ஏறும் என்று நம்ப முடியாது. சில்வர் ஸ்டீல் என்றால் முனையை 12 முதல் 15 டிகிரிக்கு நீளமாகக் கூராக்கிவிட்டு, சாயங்கால நேரத்தில், நிழலில், கேஸ் டார்ச்சால் சூடாக்குங்கள். வெயிலில் இரும்பின் சிவப்பு தெரியாது, அதிகம் காய்ச்சிவிடுவீர்கள். பக்கத்தில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு 770 டிகிரியில் காந்தத்தை மறந்துவிடும். காந்தம் ஒட்டாமல் போனதும் இன்னும் ஒரு சாயல் கூடுதலாகச் சிவக்கவிட்டு, நேராக, செங்குத்தாக எண்ணெயில் தோய்த்துவிடுங்கள். அரத்தை அதன்மேல் ஓட்டினால் கடிக்காமல் வழுக்க வேண்டும். கடித்தால் சூடு போதவில்லை, இன்னொரு முறை.

இப்போது முனை கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தால் உடையும். 400 வாட்டர் பேப்பரால் பளபளப்பாகத் தேய்த்துவிட்டு, முனையிலிருந்து ஒரு இஞ்சு தள்ளி மெதுவாகச் சூடு காட்டுங்கள். நிறம் முனையை நோக்கி ஓடி வருவதைப் பார்க்கலாம், பின்னால் நீலம், நடுவில் பழுப்பு, முன்னால் வெளிர் மஞ்சள். முனையில் காய்ந்த வைக்கோல் நிறம் வந்த அந்த நொடி தண்ணீரில் போடுங்கள். திருப்பாச்சேத்தியில் அரிவாளுக்குப் பார்ப்பதும் இதே மாதிரியான பதம்தான், அளவு மட்டும் வேறு. நீலம் முனைக்கு வந்துவிட்டால் போச்சு, முதலிலிருந்து காய்ச்ச வேண்டும். பின்னாளில் முனை மழுங்கும்போது கிரைண்டருக்குக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு நொடியில் நுனி நீலமாகிவிடும், கோடு தடிக்க ஆரம்பித்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். எண்ணெய்க்கல்லில் உருட்டித் தீட்டினால் போதும்.

கருவி தயார். இப்போது அதற்கு ஓர் உயரத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும். வழக்கமான வழி, ஸ்டீல் ரூலரைக் கண்ணாடிமேல் நிமிர்த்தி ஒரு கட்டையோடு சாய்த்துப் பிடித்து முனையைக் கோட்டுக்கு வைப்பது. நல்ல ரூலரில் கோடுகள் பொறித்திருக்கும், வெறும் அச்சு இல்லை; முனையை லேசாக இழுத்தால் மில்லி கோட்டுக்குள் ‘டிக்’ என்று விழும். கண்ணைவிட அந்த டிக்கை நம்புங்கள். ரூலரின் பூஜ்ய முனை தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பெயிண்ட் டப்பா திறக்கப் பயன்படுத்திய ரூலர் என்றால் கண்டிப்பாகத் தேய்ந்திருக்கும்.

இதைவிடத் துல்லியம் வேண்டுமானால் உங்கள் பட்டறையிலேயே நம்பக்கூடிய நிலையான அளவுகள் குப்பையாகக் கிடக்கின்றன, பழைய பால் பேரிங்குகள். 608 என்று நம்பர் போட்ட பேரிங்கின் வெளிவிட்டம் 22 மி.மீ., 6201-க்கு 32, 6202-க்கு 35, 6203-க்கு 40, 6204-க்கு 47. சாதாரணத் தரத்திலேயே இந்த அளவுகள் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு மில்லிதான் குறையலாம். பேரிங்கைக் கண்ணாடிமேல் நிமிர்த்தி வைத்து, உருளாமல் பக்கத்தில் களிமண்ணோ இரண்டு கட்டையோ வைத்து, முனையை உச்சிமேல் லேசாக உரசும்படி வையுங்கள். அந்த உயரம் 32 என்றால் 32-தான். அகலத்தை மட்டும் இப்படி நம்பாதீர்கள். அதற்கு அனுமதித்த வித்தியாசம் பத்து மடங்குக்கும் மேல். வெளிவளையத்தில் துருவோ சுத்தியல் தழும்போ இருந்தால் அந்தப் பேரிங்கும் வேண்டாம்.

சித்திரை வெயிலில் இரும்பு நீளுமே என்று ஒருவர் என்னிடம் கவலைப்பட்டார். 100 மி.மீ. இரும்பு 10 டிகிரி சூட்டுக்கு 0.012 மி.மீ. நீளும். உங்கள் கோட்டின் அகலமே அதைப்போல எட்டு மடங்கு. கண்ணாடியை வெயிலில் வைக்காதீர்கள், அது போதும்.

கோடு தெரிய ஜாபின்மேல் ஏதாவது பூச வேண்டும். வார்ப்பு என்றால் சுண்ணாம்பு. தேய்த்த இரும்பு என்றால் எனக்குப் பிடித்தது மயில்துத்தம். கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்குச் சுண்ணாம்போடு கலந்து அடிக்கிறார்களே, அதேதான், உரக்கடையில் கிடைக்கும். தண்ணீரில் கரைத்து, பேட்டரி ஆசிட் இரண்டு சொட்டு விட்டு, எண்ணெய்ப் பசை இல்லாத இரும்பில் துணியால் தடவினால் செம்பு படலமாக ஒட்டும். அதன்மேல் கோடு வெள்ளியாக மின்னும். விஷம் அது, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், வெர்னியர் பக்கம் தெறிக்கவிடாதீர்கள். அவசரத்துக்குத் தடித்த பெர்மனண்ட் மார்க்கர் போதும்.

இழுக்கும்போது அடியை ஒரு கையால் கீழ்நோக்கி, மூன்று காலின் நடுவில் அழுத்துங்கள். பின்மூலையில் அழுத்தினால் அங்கே கால் இல்லை, எகிறும். ஸ்க்ரைபர் குட்டையாக, ஏறக்குறையப் படுத்தபடி, போகிற திசைக்குச் சற்றுப் பின்தங்கிச் சாய்ந்திருக்கட்டும். ஒரே இழுப்பு. தெளிவில்லை என்று இரண்டாம் முறை இழுத்தால் இரண்டு கோடு ஆகிவிடும், பஞ்ச் எதில் விழும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

எண்ணே இல்லாமல் இந்தக் கருவி செய்கிற ஒரு வேலையைச் சொல்கிறேன், செய்து பாருங்கள். ஒரு பட்டையின் நடுக்கோடு வேண்டும். நடு என்று கண்ணுக்குத் தோன்றுகிற உயரத்தில் முனையை வைத்து ஒரு கோடு. பட்டையைத் தலைகீழாகத் திருப்பி, உயரத்தை மாற்றாமல் இன்னொரு கோடு. இரண்டு கோடு விழுந்திருக்கும். நடு அந்த இரண்டுக்கும் நடுவில். முனையை அந்த இடைவெளியின் நடுவுக்கு நகர்த்தி மறுபடி இரண்டு பக்கமும் இழுங்கள், கோடுகள் நெருங்கும். மூன்றாவது முறையில் ஒன்றாகிவிடும். வெர்னியரைத் தொடவே இல்லை. உருண்டை ராடின் மையமும் இப்படித்தான். வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளமுள்ள கட்டையில்) கிடத்தி, முகத்தில் ஒரு கோடு, கால் சுற்று திருப்பி ஒரு கோடு, இன்னும் இரண்டு முறை. நடுவில் சின்னக் கட்டம் ஒன்று விழும். மையம் அதற்குள்.

உங்கள் நான்கு ஓட்டை பிளேட்டுக்கு வருவோம். பிளேட்டை நிமிர்த்திப் பிடிக்க ஒரு ஆங்கிள் பிளேட் வேண்டும். கடையில் வாங்கும் எல் ஆங்கிளை அப்படியே நம்பாதீர்கள், உருட்டிச் செய்தது, 90 டிகிரி அபூர்வம். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். மூலைமட்டமே சரியா என்றால், நேரான விளிம்புள்ள தகட்டில் அதை வைத்து ஒரு கோடு, புரட்டி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் மேலே பிரிந்தால் பிரிந்ததில் பாதி அதன் பிழை.

ஒவ்வொரு பிளேட்டிலும் பக்கத்திலிருக்கும் இரண்டு விளிம்புகளை அரம் போட்டு நேராக்கி, ஒன்றுக்கொன்று மூலைமட்டத்துக்குக் கொண்டுவந்து, அடையாளத்துக்கு ஒரு பஞ்ச் புள்ளி வையுங்கள். கண்ணாடிமேல் நிற்பது எப்போதும் அந்த விளிம்புகள்தான். முதல் உயரத்தை வைத்ததும் மேல் பிளேட், கீழ் பிளேட் இரண்டிலும் அந்தக் கோட்டைப் போட்டு முடியுங்கள். அப்புறம் இரண்டாவது உயரத்துக்குப் போங்கள், பிறகு விளிம்பு மாற்றி மூன்றாவது, நான்காவது. ஒரு பிளேட்டை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால் ஒவ்வொரு உயரத்தையும் இரண்டு முறை வைக்க வேண்டியிருக்கும், இரண்டு முறையும் ஒரே மாதிரி வைக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஒரே உயரத்தில் இரண்டிலும் போட்டால், நீங்கள் 40 வைக்க நினைத்து 40.2 வைத்திருந்தாலும் இரண்டு பிளேட்டும் 40.2-ல் பொருந்தும். சோடி ஒன்றே ஒன்றுதான் என்றால் இந்தப் பாடும் வேண்டாம். மேல் பிளேட்டில் மட்டும் கோடு போட்டு, இரண்டையும் சேர்த்து சி-கிளாம்ப் போட்டு ஒன்றாக ட்ரில் இறக்குங்கள்.

முடித்ததும் முதலில் எழுதிவைத்த அந்தத் தாளை எடுத்து, அதன் பக்கத்திலேயே புது அளவுகள் மூன்றையும் எழுதுங்கள். கோடும் பஞ்சும் சரியாக இருந்து ஓட்டை மட்டும் இன்னும் ஓடினால், பெஞ்ச் ட்ரில்லை நிறுத்திவிட்டு, ஸ்பிண்டிலை (சுழலும் தண்டை) இரண்டு இஞ்சு கீழே இறக்கி, பிட்டைக் கவ்வும் சக் பகுதியை முன்னும் பின்னும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் மாற்ற வேண்டும். கழற்றும்போது என்ன நம்பர் பேரிங் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளிவளையம் நன்றாக இருந்தால் கண்ணாடிமேல் வைக்க இன்னொரு அளவு கிடைத்தது.